பேயே வராத பயங்கரப் படங்கள்: போட்டுக் காட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேய்ப் படத்தில் ஒரு சௌகரியம் உண்டு. வரப்போவது பேய்தான் என்று முதலிலேயே தெரியும். மனசைத் தயார் பண்ணிக்கொண்டு உட்காரலாம், முடிந்ததும் "அதெல்லாம் சும்மா" என்று எழுந்து போகலாம். லாரி, லாக்கப், எஸ்டேட் கணக்குப் புத்தகம், பாறை இடுக்கு என்று கண்ணெதிரே இருப்பதை வைத்துப் பயமுறுத்தும் படங்களில் அந்தச் சௌகரியம் கிடையாது. நாமக்கல்லில் லாரி பொய்யில்லை, வால்பாறையில் எஸ்டேட் பொய்யில்லை. நோம்பிக்கு ஒறம்பரை கூடியிருக்கும் வீட்டில் "பேய்ப் படம் வேண்டாங்க, குழந்தைங்க இருக்காங்க" என்று ஒதுக்கிவிட்டு, 'டிராமா' என்று போட்டிருந்த ஒன்றைத் தட்டிவிட்டவர்கள் பாதியில் ரிமோட்டைத் தேடுவது இதனால்தான். வீட்டுக் கூடமோ, மொட்டை மாடியோ, கல்லூரி விடுதியோ, தவறுகள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் நடக்கின்றன.

சான்றிதழை மட்டும் பார்ப்பது

தணிக்கைச் சான்றிதழ் ரத்தம், ஆபாசம், கெட்ட வார்த்தை, போதைப்பொருள் மாதிரி எண்ணிக் காட்டக்கூடியவற்றை நன்றாகப் பிடிக்கும். அடிவயிற்றில் உட்காரும் பயத்தை அந்த அளவுக்குப் பிடிக்காது. 1975இல் வந்த 'ஜாஸ்' சுறாப் படத்துக்கு அமெரிக்காவில் கிடைத்தது 'பிஜி', அதாவது பெற்றோர் துணையோடு குழந்தைகளும் பார்க்கலாம். 13 வயது என்ற நடுக்கோடு அங்கே வந்ததே 1984இல்தான். இங்கிலாந்தில் 1978இல் 'வாட்டர்ஷிப் டவுன்' என்ற முயல் கார்ட்டூனுக்கு எல்லோரும் பார்க்கலாம் என்று 'யு' கொடுத்தார்கள். முயல்கள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும் படம் அது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அதை 'பிஜி'க்கு மாற்றினார்கள்.

நம் ஊரில் 2024 முதல் யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று மூன்று வயதாகப் பிரித்திருக்கிறார்கள். ஓடிடியில் இந்தப் பிரிவு 2021இலேயே வந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வயது எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 'வன்முறை', 'தற்கொலை' என்று எழுதியிருப்பார்கள். பயனுள்ள தகவல் அங்கேதான் இருக்கிறது.

கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்கு என்று முடிவு கட்டுவதும் இதே ரகம். ஜப்பானின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' (1988) போர்க்காலத்தில் அண்ணனும் தங்கையும் பட்டினியில் தேய்ந்துபோகும் கதை. குட்டிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பார்க்கும் 'மை நெய்பர் டோட்டோரோ'வோடு சேர்த்து இரட்டைக் காட்சியாகத்தான் அதை அங்கே வெளியிட்டார்கள். வெளியிட்டவர்களே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்.

பாட்டை வைத்துப் படத்தை நினைவில் வைத்திருப்பது

இது தமிழ் வீடுகளுக்கே உரிய தவறு. 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை முணுமுணுத்தபடி "இளையராஜாவோட நூறாவது படம், நல்லா இருக்கும்" என்று 'மூடுபனி'யை (1980) போட்டுவிடுவார்கள். பாலு மகேந்திரா எடுத்தது. கிதாரோடு உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாடும் ஆள் பெண்களைக் கொல்கிறவன் என்பது பாட்டை மட்டும் கேட்டவர்களுக்கு மறந்தே போயிருக்கும். 'நினைவோ ஒரு பறவை'யை வைத்து 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) போடுகிறவர்கள் நிலைமையும் அதேதான். ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவரும்போது, பக்கத்தில் ஏழு வயசுப் பேத்தி உட்கார்ந்திருப்பாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த படத்தைத் திரும்பப் பார்க்காமல் யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது.

ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லைங்க" என்பது

முன்கூட்டிப் பார்க்கிறவர்களிலும் பலர் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளிவிட்டுத்தான் பார்க்கிறார்கள். பேய்ப் படத்துக்கு அது போதும், முகம் எங்கே திடீரென்று வருகிறது என்று தெரிந்துவிடும். இந்த வகைப் படங்களில் பயம் நேரத்தில் சேருகிறது, தள்ளிவிட்டால் கண்ணில் படாது.

'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) படத்தில் ஒரு பெட்ரோல் பங்க் கடை. கல்லாவில் வயசான கடைக்காரர், எதிரே கொலைகாரன். தள்ளிப் பார்த்தால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பது மட்டும்தான் தெரியும். முழுதாகப் பார்த்தால், அவன் தின்று முடித்த முந்திரிப் பொட்டலக் காகிதத்தைக் கசக்கி மேஜைமேல் வைப்பான். அது மெல்ல விரியும், அந்தச் சரசரப்பு கேட்கும். பின்னணி இசை என்று தனியாக எதுவும் காதில் படாது. பிறகு காசைச் சுண்டிவிட்டு, பூவா தலையா சொல்லச் சொல்வான். எதற்குப் பந்தயம் என்று கிழவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மொத்தப் பயமும் அந்த இடைவெளியில் இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ஆக, போடுகிறவர் ஒருமுறை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். நேரமில்லை என்றால் ஏற்கெனவே பார்த்த வேறு படத்தைப் போடுவது நல்லது.

சத்தத்தைக் கோட்டைவிடுவது

அந்தக் காகிதச் சரசரப்பு சீலிங் ஃபேன் ஐந்தில் சுற்றும் கூடத்தில் கேட்காது. கூலர் ஓடினால் இன்னும் மோசம். ஈரோடு, கரூர் வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாதுதான். கூலரை அரை மணி நேரம் முன்னதாக ஓட்டி நிறுத்திவிட்டு, ஃபேனை இரண்டில் வைத்து, ராத்திரி எட்டரைக்கு மேல் ஆரம்பிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வால்யூமை வைப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் டிவியிலோ சவுண்ட்பாரிலோ 'நைட் மோட்' இருந்தால் அணைக்க வேண்டும். அது மெல்லிய சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தை இறக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும், திடுக்கிடும் இடமே காணாமல் போகும். அடுத்து, முதல் பத்து நிமிஷத்தில் இருப்பதிலேயே தணிந்த குரலில் பேசும் இடத்தைக் கண்டுபிடித்து, கடைசி வரிசையில் உட்காருகிறவருக்குக் கேட்கிற அளவுக்கு வால்யூமை வையுங்கள். பிறகு படத்திலேயே உரத்த இடத்துக்குப் போய்க் காது வலிக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்றால் மட்டும் நைட் மோடுக்குத் திரும்பலாம்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீடாக இருந்தால் நிசப்தத்தை நம்பும் படமே வேண்டாம். இன்ஜின் இரைச்சலிலேயே பயமுறுத்தும் படங்கள் இருக்கின்றன, அவற்றைப் போடலாம்.

இன்னொரு வேடிக்கை. 'கம் அண்ட் சீ' (1985) என்ற சோவியத் போர்ப் படத்தில் குண்டு விழுந்ததும் சிறுவனுக்குக் காது அடைத்துவிடும். அவனுக்குக் கேட்பதுதான் நமக்கும் கேட்கும்: நீண்ட ரீங்காரம், அதற்கடியில் மங்கலாகப் பேச்சு. இந்த இடம் வந்ததும் யாராவது ஒருவர் எழுந்து "ஸ்பீக்கர் போச்சு" என்று வயரைப் பிடுங்கி மாட்டுவார். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் தப்பிக்கலாம். அதோடு, முதல் தடவை கூடுகிறவர்களுக்குப் போடக்கூடிய படமும் இல்லை அது. தாங்குவது கடினம்.

திரையும் வெளிச்சமும்

புது டிவிகளில் நகர்வை வழவழப்பாக்கும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று பெயர். சினிமா விநாடிக்கு 24 பிரேமில் எடுக்கப்படுகிறது. டிவி நடுவில் தானாகப் பிரேம்களைச் செய்து சொருகும்போது எல்லாப் படமும் மெகா சீரியல் மாதிரி ஆகிவிடும். அதை அணையுங்கள், அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைக்கிறவர்கள் ராத்திரிக் காட்சிகள் நிறைந்த படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தெருவிளக்கைத் திட்டுகிறார்கள். இருட்டுக் காட்சி மாடியில் வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். மாடிக்கு ஏற்றது பட்டப்பகலில் பயமுறுத்தும் படம். ஒரு லாரி காரைத் துரத்தும் 'டூயல்' ஏறக்குறைய முழுக்க வெயிலிலேயே நடக்கிறது, 'ஜாஸி'லும் கடற்கரைப் பகல் நிறைய. ஜூன் மாதத்தில் ஏழேகாலுக்கு முன்னால் ஆரம்பித்துப் பயனில்லை, வானம் வெளுப்பாகவே இருக்கும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மாடியில் துணித் திரையே கட்டாதீர்கள். வெள்ளையடித்த சுவர் போதும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேலும் கீழும் மட்டும் கட்டாமல், நாலு பக்கமும் ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சாகக் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். சப்டைட்டில் படம் என்றால் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும். முன்வரிசைக்கு பவானி ஜமக்காளம் விரித்துத் தரையில் உட்காரவைத்து, பின்னால் நாற்காலி போட்டால் தலை மறைக்காது.

யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்காதது

தவறுகளில் பெரியது இதுதான். எல்லோருக்கும் ஒரே இடத்தில் பயம் வருவதில்லை.

'விசாரணை' (2016) வெற்றிமாறன் எடுத்தது. மூலம், கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் தன் அனுபவத்திலிருந்து எழுதிய 'லாக்கப்'. குண்டூர்ப் பூங்காவில் படுத்துறங்கும் தமிழ்த் தொழிலாளிகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போகிறது. "ஒத்துக்கோ" என்று அடிக்கிறார்கள். எதை ஒத்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் பாஷை புரியாது. அடியைக் காட்டிலும் இந்தப் புரியாமைதான் பயம். இதைத் திருப்பூரில் போடும்போது கூட்டத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள் இருந்தால், அவர்களுக்கு அது வேறு படம். ஊர் மட்டும் மாறியிருக்கும். லாக்கப் காட்சிகள் உண்டு என்று முன்கூட்டிச் சொல்லி, எழுந்து போக வழிவிட்டு உட்காரவையுங்கள். இன்னொன்று: முதல் பாதியோடு அடிதடி குறைகிறது, இனிப் பயமில்லை என்று சிலர் கவனத்தைத் தளர்த்துவார்கள். தமிழ்நாட்டுக்குத் திரும்பிய பிறகு, காதில் விழக்கூடாத பேச்சு காதில் விழுவதுதான் இரண்டாம் பாதியின் பயம். அங்கே ஒரு வசனம் தவறினாலும் நஷ்டம்.

'பரதேசி'யை (2013) சோகப் படம் என்று வகைப்படுத்துவதும் தப்பு. ஆனைமலை எஸ்டேட்டுகளில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவல்தான் அதற்கு அடிப்படை. தமிழில் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்தார். கூலிக் கணக்குப் பார்க்கும் இடத்தைக் கவனியுங்கள். கடன் கழிந்தது, ஊருக்குப் போகலாம் என்று நிற்கிறவனிடம் கணக்கு வேறு சொல்கிறது. கதவு மூடும் சத்தம் கேட்காமலே கதவு மூடுகிறது. தாத்தா பாட்டி தோட்ட வேலைக்கு மலையேறிய குடும்பங்கள் வால்பாறையில் இன்னும் இருக்கின்றன. அவர்களோடு பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கமெண்ட் அடிக்காமல் இருப்பது மரியாதை.

'ராட்சச'னை (2018) பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளோடு போடுகிறவர்கள் கொலைகாரனைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் கலங்கடிப்பது, மாணவிகளிடம் தவறாக நடக்கும் வாத்தியார் வரும் காட்சிகள். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) கொடைக்கானல் குணா குகைக் குழியை வைத்தது, லிஃப்டில் ஏறவே பயப்படுகிறவருக்கு ஆகாது.

எச்சரிக்கை சொல்கிறேன் என்று கதையையே சொல்லிவிடவும் கூடாது. குழந்தைகளுக்கு ஆபத்து வருகிறதா, அடி உதை உண்டா, அடைபட்ட இடமா, பாலியல் தொல்லை உண்டா என்ற நாலு கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் போதும்.

இடைவேளையைக் கண்ட இடத்தில் விடுவது

வெளிநாட்டுப் படங்களில் இடைவேளை கிடையாது. காபி கொதித்ததும் நிறுத்தினால் ஏறிவந்த பதற்றம் இறங்கிவிடும். 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' (1953) பிரெஞ்சுப் படம். எண்ணெய்க் கிணற்றுத் தீயை அணைக்க நாலு பேர் இரண்டு லாரிகளில் நைட்ரோகிளிசரின் ஏற்றிக்கொண்டு மலைப் பாதையில் போகிறார்கள், அதிர்ந்தால் வெடிக்கும். முதல் ஒரு மணி நேரம் லாரியே கிளம்பாது. வேலையில்லாமல், ஊரைவிட்டுப் போகக் காசில்லாமல் அவர்கள் கிடப்பதைத்தான் காட்டும். அதைத் தள்ளிவிட்டால், இவர்கள் ஏன் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதே புரியாது. லாரி கிளம்பும் இடத்தில் பத்து நிமிஷம் நிறுத்துங்கள், அதற்குப் பிறகு நிறுத்தவே வேண்டாம். திரும்ப முடியாத வளைவில், உளுத்துப்போன மரப்பலகை மேடையில் லாரியை ரிவர்ஸ் எடுக்கும் காட்சி ஒன்று வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடு ஏற்றிப் போனவர் கூட்டத்தில் இருந்தால், அவர் கால் தானாகவே பிரேக்கைத் தேடும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 'டூயல்' (1971) போடலாம். டிவிக்காக 74 நிமிஷத்துக்கு எடுத்து, பிறகு வெளிநாட்டுத் தியேட்டர்களுக்காக 90 நிமிஷமாக நீட்டியது. எது கிடைத்தாலும் சரி. காரில் போகிறவனை ஒரு டேங்கர் லாரி துரத்துகிறது, அவ்வளவுதான். டிரைவரின் கையும் பூட்ஸும் தெரியும், முகம் கடைசிவரை தெரியாது. பேச்சு குறைவு, சப்டைட்டில் படிக்க முடியாத அப்புச்சிக்கும் புரியும். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கலாம். இடைவேளை வேண்டாம்.

போடுவதற்கு முன் ஓடிடி கணக்கில் 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதே அடுத்த படத்தின் டிரெய்லர் பாய்ந்து வரும், அது நிஜப் பேய்ப் படமாகவும் இருக்கலாம். வீட்டுச் சந்தா வீட்டாருக்கு மட்டும்தான் செல்லும். நூலகத்திலோ மண்டபத்திலோ ஊரைக் கூட்டிப் போடுவதானால் படத்தின் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு தேதியைக் குறியுங்கள்.