அரபு லீக் தீர்மானச் செய்தியை எப்படிப் படிப்பது?

அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக் ஏதாவது தீர்மானம் போட்டதாகச் செய்தி வந்தால், அந்த நீண்ட கூட்டறிக்கையை வரிவரியாகப் படிக்க வேண்டாம். அன்றோ மறுநாளோ உறுப்பு நாடுகளின் வெளியுறவு அமைச்சகங்கள் தனித்தனியாக என்ன சொல்கின்றன என்று மட்டும் பாருங்கள். பாதி நேரம் மிச்சம், விஷயமும் சரியாகப் பிடிபடும்.

காரணம், லீக்கின் 1945 சாசனத்திலேயே இருக்கிறது. அதன் 7-வது பிரிவின்படி, ஒருமனதான முடிவுதான் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும். பெரும்பான்மை முடிவு அதை ஏற்றுக்கொண்ட நாடுகளை மட்டுமே. அதனால் கூட்டறிக்கை பெரும்பாலும் எல்லோரும் சகித்துக்கொள்ளும் வார்த்தைகளாகவே இருக்கும். 2023 மே 7 அன்று கெய்ரோவில் சிரியாவை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். 'அரபு நாடுகள் சிரிய அதிபர் அசாத்தோடு சமாதானம்' என்றுதான் படிக்கத் தோன்றும். ஆனால் அதே நாளில் கத்தார், சிரியாவுடன் உறவைச் சீராக்குவது பற்றிய தன் நிலைப்பாடு மாறவில்லை என்றது. டமாஸ்கஸில் அதன் தூதரகம் திறந்தது 2024 டிசம்பரில், அதுவும் அசாத் வீழ்ந்த பிறகு. இதைக் கூட்டறிக்கையில் தேடினால் கிடைக்காது.

ஒரு இடத்தில் இந்த வழி உதவாது. லீக்கின் கோரிக்கை ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போகிறது என்றால், வாசகத்தையே கவனமாகப் படியுங்கள். 2011 மார்ச் 12 அன்று லிபியா மீது விமானப் பறப்புத் தடை வேண்டும் என்று லீக் கேட்டது. ஐந்தே நாளில் பாதுகாப்பு சபையில் 1973 என்ற எண்ணுள்ள தீர்மானம் நிறைவேறியது, அப்புறம் குண்டுவீச்சும் தொடங்கிவிட்டது.