செம்புத் தகட்டுல ஒரு முகத்த வெட்டி அச்சுப் போடுறது எப்படி

கல்யாணச் சீர் பாத்திரத்துல டொக் டொக்னு பேர் வெட்டிக் குடுப்பாங்கல்ல, அந்த வேலைய மார்த்தாண்டத்துல ஒரு பாத்திரக் கடைல நாலு வருசம் பாத்தவன் நான். அந்தக் கைப்பழக்கத்துல தான் தகட்டுல ஆளோட முகத்த வெட்டி பேப்பர்ல அச்செடுக்குற வேலைக்கு வந்தேன். எப்படி ஆரம்பிக்கன்னு நெறைய பேர் கேக்குறாங்க, அதான் முழுசா எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு. நம்ம வீட்டுப் பூசை ரூம்ல இருக்குற பழைய ரவிவர்மா லெச்சுமி படம் இந்த வகை இல்ல, அது கல்லச்சு, கல்லோட சமதளத்துல மை ஒட்டி வர்றது. இதுல நாம வெட்டுன பள்ளத்துக்குள்ள மை நிக்கும், மேல இருக்குறத துடைச்சு எடுத்துருவோம், ஈரப் பேப்பர வச்சு நல்லா அழுத்துனா பேப்பர் அந்தப் பள்ளத்துக்குள்ள எறங்கி மைய எடுத்துட்டு வரும். அதனால தான் நல்ல பிரிண்ட் மேல விரல் வச்சா கோடு கைக்குத் தட்டுப்படும், சுத்தி தகட்டு விளிம்பு அமுங்குன தடமும் தெரியும்.

தகடு சுத்தமான செம்பா வாங்குங்க, கனம் ஒண்ணுல இருந்து ஒண்ணரை மில்லி போதும், பித்தளை ஆரம்பத்துக்கு வேண்டாம், கடினம். நாலு விளிம்பையும் அரத்தால ராவி சரிவா ஆக்கணும், இல்லேன்னா அச்சடிக்கும்போது பேப்பரும் அதுக்கு மேல போடுற கம்பளியும் கிழியும். அப்புறம் நைஸ் எமரி பேப்பர், பாலீஷ், முகம் பாக்குற அளவுக்கு. தகட்டுல ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அது மைய பிடிச்சுக்கிடும், பிரிண்ட்ல கன்னத்துல வந்து உக்காரும்.

உளிக்கு பியூரின்னு பேரு, சதுரக் கம்பி, நுனிய ஏறக்குறைய 45 டிகிரில சாய்ச்சு தீட்டியிருக்கும், பின்னால காளான் மாதிரி ஒரு மரப்பிடி, அது உள்ளங்கைக்குள்ள உக்காரணும். பாத்திரத்துல பேர் வெட்டுற மாதிரி சுத்தியலால தட்டுறது கெடையாது, கையால தள்ளுறது. இந்த வேலைல பாதி உளி தீட்டுறது தான்னு சொன்னா மிகையில்ல. மொதல்ல கீழ்ப்பக்கம் ரெண்டு முகத்தையும் எண்ணெய்க் கல்லுல மட்டமா தேய்க்கணும், அதுக்கப்புறம் தான் நுனி. தீட்டுனது சரியான்னு பாக்க நுனிய கட்டைவிரல் நகத்து மேல சும்மா வைங்க, அழுத்த வேண்டாம், அப்படியே ஒட்டி நின்னா கூர் இருக்கு, வழுக்கிட்டுப் போனா திரும்பக் கல்லுக்குப் போங்க. கூர் இல்லாத உளி எப்ப வழுக்கும்னு சொல்ல முடியாது, வழுக்குனா தகட்டுல நீளமா ஒரு கோடு, இல்ல இடது கைல ரத்தம்.

அடுத்தது படத்த தகட்டுக்கு மாத்துறது, இங்க தான் எனக்கு மொதல் அடி விழுந்துச்சு. எங்க பாட்டாவுக்கு இடது கன்னத்துல ஒரு மச்சம் உண்டு. போட்டோவப் பாத்து அப்படியே தகட்டுல வரைஞ்சு, ரெண்டு மாசம் உக்காந்து வெட்டி அச்செடுத்தேன். அம்ம வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டு "இது அப்பா இல்லடே"ன்னு சொல்லிட்டு அடுக்களைக்குப் போயிட்டாங்க. மச்சம் வலது பக்கம், தலை வகிடு மாறிப் போச்சு, ஒரு பக்கமா லேசா ஏறுற அந்தச் சிரிப்பும் மாறிப் போச்சு. அச்சுல இடம் வலம் திரும்பும்னு தெரியாம இல்ல, அவசரத்துல விட்டுட்டேன். அதனால டிரேசிங் பேப்பர்ல பென்சிலால எடுத்து, பென்சில் பக்கம் தகட்டப் பாக்க கமுத்திப் போட்டு, பின்னால ஸ்பூனால தேய்ங்க, தானா திரும்பி பதிஞ்சிரும். பதிஞ்ச கோட்ட ஊசியால லேசா கீறி வச்சுக்கிடுங்க, பென்சில் கை பட்டு அழிஞ்சிரும். வெட்டும்போது போட்டோவ நேரா பாக்காதீங்க, பக்கத்துல ஒரு கண்ணாடிய நிறுத்தி அதுல தெரியிற போட்டோவ பாத்து வெட்டுங்க.

வெட்டும்போது தகடு ஒரு தோல் மூட்டை மேல இருக்கணும், உள்ள மணல். வளைவு வேணும்னா உளிய திருப்பக் கூடாது, இடது கையால தகட்டத் திருப்பணும். உளி தகட்டோட ஏறக்குறைய படுத்து இருக்கும், பிடிய கொஞ்சம் தூக்குனா கோடு ஆழமாகி தடிக்கும், எறக்குனா மெலியும். ரெண்டு ஓரமும் எழும்பி நிக்கிற பிசிற அப்பப்ப சுரண்டி எடுத்துருங்க.

முகத்துக்கு அவுட்லைன் போடாதீங்க, தயவு செஞ்சு. மூக்குக்கு ஓரத்துல கோடு கெடையாது, ஒரு பக்கம் வெளிச்சம் இன்னொரு பக்கம் நிழல், அவ்வளவு தான். கன்னத்துல நீளக் கோடு ஓட்டுனா தகரம் மாதிரி ஆயிரும், அங்க சின்னச் சின்ன வெட்டும் புள்ளியும் தான் வேணும், பேர் வெட்டுன கைக்கு இது நல்லா வரும். 17ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல ராபர்ட் நாந்தேய்னு ஒருத்தர் ஆள நேருல உக்கார வச்சு வரைஞ்சு 200க்கு மேல முகம் வெட்டியிருக்காரு, தோலுக்கு அவர் வெட்டுன துண்டு துண்டுக் கோட்ட நெட்ல தேடி பெருசாக்கிப் பாருங்க. இன்னொரு ஆளு கிளாட் மெல்லான், வெரோனிக்காங்குற பொண்ணு முகம் துடைக்கக் குடுத்த துணில பதிஞ்ச ஏசுவோட முகத்த 1649ல ஒரே கோட்டுல வெட்டுனாரு, மூக்கு நுனில தொடங்கி சுருளா சுத்திச் சுத்தி வெளிய போகுது, எங்கயும் குறுக்குக் கோடு கெடையாது, கண்ணு தாடி முள்முடி எல்லாமே அந்தக் கோடு தடிக்கிறதுலயும் மெலியிறதுலயும் தான் வருது. அதப் பாத்த அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல.

சட்டை, பின்னணி இதெல்லாம் மொதல்ல வெட்டி கை சூடானதுக்கு அப்புறம் முகத்துக்கு வாங்க. கண்ணுல மணியோட வெளிச்சப் புள்ளிய வெட்டாம விட்டுருங்க, பின்னால வெள்ளையக் கொண்டு வர்றது பெரிய பாடு. தப்பு நடந்தா சுரண்டி, எண்ணெய் விட்டு வழவழன்னு தேய்க்கணும், அங்க குழி விழும், அந்த இடத்த காலிப்பர, அதான் ரெண்டு கால் உள்ள அளவுக் கருவிய, வச்சு தகட்டுக்குப் பின்னால சரியா குறிச்சு, பின்னால இருந்து லேசா தட்டி எழுப்பணும். பின்னால இருந்து தட்டி எழுப்புறதுல வடசேரியில கோயில் நகை செய்யிற தட்டாசாரிமார மிஞ்ச ஆளில்ல, அதுல ஒருத்தர்கிட்ட தான் நான் கத்துக்கிட்டேன்.

பாதி வேலைலயே ஒரு அச்சு எடுத்துப் பாருங்க, அத வீட்டுல அந்த முகத்த நல்லாத் தெரிஞ்சவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாம குடுங்க. அவங்க மொத நொடில என்ன சொல்றாங்களோ அது தான் தீர்ப்பு. ரெண்டாவது தகட்டுல அம்ம "கண்ணு சரி, வாய் அவருது இல்ல"ன்னாங்க, கீழுதட்டுக்கு அடியில ஆறேழு புள்ளி சேத்தேன், அப்பா வந்துட்டாருன்னு சொன்னாங்க.

அச்சுக்கு ரெண்டு உருளை உள்ள எட்சிங் பிரஸ் வேணும். நான் லேத் பட்டறைல செஞ்சு வாங்குனேன், முடியாதவங்க சென்னை கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமில கிராபிக்ஸ் ஸ்டூடியோ இருக்கு, விசாரிங்க. தகட்ட லேசா சூடாக்கி மைய அட்டையால தள்ளி நெரப்புங்க, கஞ்சி போட்ட மல் துணியால வட்டமா துடைங்க, கடைசியா உள்ளங்கைல சாக்பொடி தொட்டு ஒரு துடைப்பு. பேப்பர் பஞ்சுப் பேப்பரா இருக்கட்டும், மொத நாளே நனைச்சு பிளாஸ்டிக்ல சுத்தி வைங்க, ஆனா நம்ம ஊர் எடவப்பாதி மழைல ரெண்டு மூணு நாள் விட்டா பூஞ்சை பிடிக்கும், அன்னன்னைக்குத் தேவையானத மட்டும் நனைங்க.

இனி வெளியிடுற வேலை. பழைய முகப் படங்கள்ல அடியில பொடி எழுத்துல மூணு பேர் இருக்கும், வரைஞ்சவர், வெட்டுனவர், வெளியிட்டவர். இங்கிலாந்துல 1735ல வந்த சட்டம் பிரிண்டுக்கு 14 வருசம் உரிமை குடுத்துச்சு, அதுக்கு வெளியிட்ட தேதியும் உரிமைக்காரர் பேரும் தகட்டுலயே இருக்கணும். அந்த வழக்கத்த நாமளும் விடக் கூடாதுன்னு நான் உறுதியா நெனைக்கேன், நம்ம வீடுகள்ல தொங்குற பழைய போட்டோவுல எடுத்தவர் பேரே இல்லாம போச்சு பாருங்க. போட்டோவ வச்சு வெட்டுனா எடுத்தவர் பேரையும் போடுங்க, அனுமதியும் வாங்குங்க, நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 2012ல வந்த திருத்தப்படி போட்டோவுக்கு எடுத்தவர் இருக்குற வரைக்கும், அவர் இறந்ததுக்கு அப்புறம் 60 வருசமும் உரிமை உண்டு. காசு வாங்கிட்டு ஒருத்தர் கேட்டு வெட்டிக் குடுத்தா, வேற ஒப்பந்தம் இல்லேன்னா உரிமை கேட்டவங்களுக்குப் போகும், உங்களுக்கு இல்ல. அதனால எத்தன பிரதி, தகடு யாருக்கு, இத ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு உளியத் தொடுங்க.

நான் 30 பிரதிக்கு மேல போடுறதில்ல, செம்பு சில நூறு தாங்கும், ஆனா விக்கணுமே. ரவிவர்மா 1894ல பம்பாய்ல பிரஸ் தொடங்கி, கடன் ஏறி, கடைசில ஒரு ஜெர்மன்காரருக்கு வித்தாரு, அவருக்கே அப்படி. படத்துக்கு அடியில இடது பக்கம் பென்சில்ல 1/30, 2/30னு நம்பர், வலது பக்கம் கையெழுத்து. தகட்டுல பேர் வெட்டுனா அந்த எழுத்தையும் திருப்பித் தான் வெட்டணும், ஒவ்வொரு எழுத்தா கண்ணாடில பாத்து.

எல்லாம் முடிஞ்சா தகட்டுல மை ஒரு பொட்டு இல்லாம கழுவி, வேஸ்லின் தடவி பேப்பர்ல பொதிஞ்சு வைங்க, கடக்காத்துக்கு களிம்பு சீக்கிரம் ஏறும். பாட்டா தகடு அம்ம பீரோவுல சேலைக்கு அடியில இருக்கு, மழைக்காலம் முடிஞ்சதும் எடுத்து தொடைச்சு வைப்போம்.