சென்னையில சைக்கிள்: எங்க ஓட்டலாம், எப்படி ஓட்டணும்

புதுசா சைக்கிள் வாங்கினவங்களுக்கு நான் சொல்றது, முதல் ஒரு மாசம் காலைல அஞ்சரை மணிக்கு மெரினா பக்கம் போங்க. நேப்பியர் பாலத்துல இருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் காமராஜர் சாலை அகலமா, மேடே இல்லாம இருக்கும், அந்த நேரத்துல வண்டியும் கம்மி. அப்படியே லூப் ரோட்டுல நொச்சிக்குப்பம் தாண்டி பட்டினப்பாக்கம் வரைக்கும் போயிடலாம். ஆனா அங்க சில சமயம் மீன் கழுவின தண்ணியும் ஐஸ் உருகின தண்ணியும் ரோட்டுல வழிஞ்சு வழவழன்னு கிடக்கும், அதுல சடன் பிரேக் போட்டா பின் வீல் சர்ருன்னு இழுத்துடும். மீன் விக்கிறவங்களுக்கு அது பொழப்பு நடக்குற இடம், நாமதான் மெதுவா போகணும், கூட்டமா இருந்தா இறங்கி தள்ளிட்டு போங்க.

வாக்கிங் போற பெரியவங்க பக்கத்துல போனதும் டிங்குன்னு பெல் அடிக்காதீங்க, திடுக்கிட்டு எந்தப் பக்கம் நகருவாங்கன்னே தெரியாது. பத்தடி முன்னாடியே ஒரு தடவ மெதுவா அடிச்சுட்டு வேகத்த குறைங்க. பிளாட்பாரத்துல மட்டும் ஏத்தாதீங்க, நடக்குறவங்களுக்கு இருக்குறதே அது ஒண்ணுதான்.

பெசன்ட் நகர், அண்ணா நகர் உள் தெருக்களும் நல்லா இருக்கும், மர நிழல் உண்டு. நல்லா பழகினப்புறம் ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூர்ல இருந்து முட்டுக்காடு போயிட்டு வந்தா 35 கிலோமீட்டருக்கு மேல வரும், ஆனா ரோட்டு ஓரத்துல மணல் ஒதுங்கி இருக்கும், கார்லாம் பறக்கும், அதனால விடியும்போது கிளம்பி ஏழரைக்குள்ள திரும்பிடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். பயத்துல எல்லாரும் ரோட்டோட ஓரத்துக்கே ஒட்டிக்கிட்டு போறாங்க, அது பத்திரம்னு நினைக்கிறாங்க, உண்மையில ஆபத்து அங்கதான் இருக்கு. வடிகால் மூடி, ஜல்லி, நிறுத்தி வச்ச கார் எல்லாமே அங்கதான். எனக்கு முழங்கையில ஆறு தையல் போட்டது ஒரு கார் கதவாலதான், நின்னுட்டு இருந்த வண்டில டிரைவர் பின்னாடி பாக்காம கதவத் திறந்துட்டாரு, நான் ஒரு கை அகலம்கூட விடாம போயிட்டு இருந்தேன். அதனால நிக்குற காருக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு கதவு முழுசா திறக்குற அளவு இடம் விடுங்க. இடது பக்கமாவே போங்க, ஆனா ஓரத்துல இருந்து ரெண்டு மூணு அடி தள்ளி, வளையாம நேர் கோட்டுல.

பஸ் ஸ்டாப்புல பஸ் நின்னா இடது பக்க சந்துல நுழையவே கூடாது, படியில இருந்து இறங்குறவங்க நேரா உங்க ஹேண்டில்பார் மேல வந்து விழுவாங்க, பின்னாடியே நில்லுங்க. ஷேர் ஆட்டோ யாராவது கை காட்டினா எங்க வேணா நிக்கும், பின்னாடி ஒட்டிட்டு போகாதீங்க. சிக்னல்ல நேரா போறதா இருந்தா இடது ஓரத்துல நிக்காதீங்க, ஃப்ரீ லெஃப்ட் எடுக்குற லாரியோ பஸ்ஸோ உங்க மேலயே திரும்பிடும். திரும்புறதுக்கு முன்னாடி பின்னாடி ஒரு தடவ பாத்துட்டு கைய நல்லா நீட்டுங்க. ஃப்ளைஓவர் வேண்டாம், ஜெமினியா இருந்தாலும் கீழ் ரோடுதான்.

முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட், ரெண்டும் விடியக்காலைலயும் எரியட்டும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழைத்தண்ணி தேங்கின தெருவுல மட்டும் ஓட்டாதீங்க, உள்ள திறந்து கிடக்குற மூடி கண்ணுக்குத் தெரியாது, சுத்திட்டுப் போனாலும் பரவால்ல வேற தெரு பாருங்க.