கேம் கன்சோல்: வாங்கும்போதும் வாங்கிய பிறகும் நாம் செய்யும் தவறுகள்

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் குளச்சலில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கப்பலில் வேலை பார்க்கும் சித்தப்பா லீவில் வந்திருந்தார். கப்பல் ஜப்பானில் நின்றபோது மகனுக்காக ஒரு பிளேஸ்டேஷன் 5 வாங்கி வந்திருக்கிறார். டிவியில் மாட்டி கேம் ஆடுகிற சோனி கம்பெனியின் கன்சோல், சுருக்கமாக பிஎஸ்5. விலை 55,000 யென், நம்ம ரூபாயில் முப்பதாயிரத்துச் சொச்சம். இங்கே கடையில் சொல்லும் விலையோடு பார்த்தால் நல்ல லாபம்தான். தம்பி பெட்டியைப் பிரித்து, வயரை மாட்டி, டிவியைப் போட்டான். திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. செட்டிங்ஸில் எவ்வளவு தேடியும் மொழியை மாற்ற வழி கிடைக்கவில்லை. பழைய பிஎஸ்4-இல் நான்கு வருடமாக வைத்திருந்த கணக்கைப் போட்டுப் பார்த்தான். "அண்ணா, என் ஐடியை எடுக்க மாட்டேங்குது" என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். சித்தப்பா பக்கம் திரும்ப எனக்கு மனசு வரவில்லை.

2025 நவம்பரில் சோனி ஜப்பானில் மட்டும் வெளியிட்ட மாடல் அது. டிஸ்க் போட இடம் கிடையாது. ஜப்பானிய மொழி மட்டும்தான். ஜப்பான் என்று பதிவான கணக்கு மட்டும்தான் ஏறும். விலையைக் குறைத்ததே அந்தப் பூட்டைப் போட்டுத்தான்.

சித்தப்பா ஏமாளி இல்லை. எதையும் விசாரித்து வாங்குகிறவர். ஆனால் டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி வாங்குகிற மாதிரி விசாரித்தார். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரும்பாலோர் கன்சோலை அப்படித்தான் வாங்குகிறோம். வளைகுடாவில் இருந்து வருகிறவர்களிடம் சொல்லி விடுகிறோம், இல்லையென்றால் திருவனந்தபுரம் போய் வருகிறோம். ஆனால் கன்சோல் இப்போது முழுக்க முழுக்க ஒரு கணக்கோடு கட்டிப் போட்ட பொருள். வாங்கிய கேம், சேமித்த ஆட்டம், நண்பர்கள் பட்டியல் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும். பெட்டி பழுதானால் வேறு வாங்கிவிடலாம். கணக்கு போனால் எல்லாமே போச்சு. முக்கால்வாசித் தவறுகள் இதைக் கவனிக்காததால் வருகின்றன.

பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது எந்த நாடு என்று கேட்கும். பிறகு அதை மாற்ற முடியாது. அமெரிக்காவில் கேம் நிறைய கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அமெரிக்கா என்று போட்டுவிட்டு, நம்ம ஊர் கார்டு ஏறாமல் தவிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வளைகுடாவில் வாங்கிய டிஸ்க் இங்கே ஓடும். அதற்குப் பிறகு வரும் கூடுதல் பகுதிகளை இந்தியக் கணக்கில் காசு கொடுத்து வாங்கினால் பல நேரம் அந்த டிஸ்க்கோடு சேராது. வாரண்டியும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். பிஎஸ்5-இன் விலை கூடிய மாடலான பிஎஸ்5 புரோவுக்கு இன்னொரு சிக்கல். 2024 நவம்பரில் மற்ற நாடுகளில் வந்தபோது அது இந்தியாவுக்கு வரவில்லை. அதில் உள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை. அப்படிச் சூட்கேஸில் வந்த புரோவுக்கு இங்கே பொறுப்பேற்க ஆள் இல்லை.

அடுத்தது டிஸ்க். இதை நான் சொல்லாத வீடு இல்லை. பிஎஸ்5-இல் டிஸ்க் போடும் மாடலுக்கும் போடாத மாடலுக்கும் 2024-இல் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தது, 54,990-உம் 44,990-உம். மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் டிஸ்க்குக்கே இடம் இல்லை. "இப்ப எல்லாமே டவுன்லோடுதானே, டிஸ்க் எதுக்கு?" என்று கடையிலேயே சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிதாக வரும் பெரிய கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கம். வருடத்துக்கு நான்கு வாங்கினால் இருபதாயிரம். டிஸ்க்காக வாங்கி, ஆடி முடித்ததும் பாதி விலைக்குத் தள்ளினாலும் முதல் வருடத்திலேயே அந்தப் பத்தாயிரம் திரும்பி வந்துவிடும். விற்க வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளலாம். தூத்தூர் பக்கம் சாயங்காலம் கடற்கரையில் பந்து விளையாடுகிற பையன்கள் ராத்திரி ஈஏ எஃப்சி என்ற கால்பந்து கேம் ஆடுவார்கள். ஒரு டிஸ்க் நாலு வீடு சுற்றும். டவுன்லோடு செய்த கேமை அப்படிக் கைமாற்ற முடியாது.

டிஸ்க் இருந்தால் கேம் என்றைக்கும் நம்முடையது என்றும் நினைத்துவிடக் கூடாது. தி க்ரூ என்ற கார் ஓட்டும் கேமின் சர்வரை, அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச்சில் நிறுத்தியது. டிஸ்க் கையில் இருந்தவர்களாலும் அதன் பிறகு ஆட முடியவில்லை. நின்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு டிஸ்க் மாதிரி வரும் சில கார்டுகளில் கேமே இருக்காது, டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டும்தான் இருக்கும். டவுன்லோடு கடைகளும் மூடுகின்றன. நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் கடைகள் 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையிலும் மூடின. "வாங்கு" என்று பட்டனில் போட்டுவிட்டு உரிமம் மட்டும் கொடுத்தால், அதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டது. 2025 ஜனவரியில் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதனால் வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நெட் இல்லாமல் இது ஓடுமா? ஓடும் என்றால் டிஸ்க்கில் வாங்குங்கள். ஓடாது என்றால் முழு விலை கொடுக்கும் முன் ஒரு நாள் யோசியுங்கள்.

டிஸ்க் இல்லாத கன்சோலை வாங்கியவர்கள் அடுத்து போய் விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. ஐயாயிரம் ரூபாய் கேமை ஆயிரத்துக்குத் தருகிறேன் என்று டெலிகிராமிலும் சில கடைகளிலும் விற்பார்கள். அவர்கள் கொடுப்பது கேம் இல்லை. வேறு யாரோ ஒருவருடைய கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும். அதே கணக்கை நாலைந்து பேருக்கு விற்றிருப்பார்கள். ஒருநாள் யாரோ பாஸ்வேர்டை மாற்றுவார், இல்லையென்றால் கம்பெனியே கணக்கை முடக்கும். விற்றவரின் போன் எடுபடாது. நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் இப்படியே ஏழு கேம் வாங்கி, ஒரே வாரத்தில் ஏழையும் இழந்தான். வீட்டில் சொல்லவும் பயம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த ஆயிரத்துக்கு ஒரு பழைய டிஸ்க் வாங்கலாம். தள்ளுபடி நாளில் சொந்தக் கணக்கிலேயே ஒரு நல்ல கேம் வாங்கலாம்.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பது ஒரு காலத்தில் புத்திசாலித்தனம். 2000-இல் 299 டாலருக்கு வந்த பிஎஸ்2, 2009-இல் 99 டாலருக்கு விற்றது. நம்மில் பலர் அப்படிக் காத்திருந்து வாங்கியவர்கள்தான். இந்தத் தலைமுறையில் அந்தக் கணக்கு தலைகீழ். 2021 பிப்ரவரியில் இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு வந்த பிஎஸ்5 மறு வருடமே 54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் ஐம்பது டாலர் ஏற்றினார்கள். முன்பெல்லாம் சிப் செய்யும் செலவு வருடா வருடம் குறையும். இப்போது அப்படிக் குறைவதில்லை. போதாக்குறைக்கு ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் அதன் விலையும் ஏறிக் கிடக்கிறது. காத்திருப்பதென்றால் தீபாவளி வரைக்கும் காத்திருங்கள், சோனியே சில ஆயிரம் குறைத்துக் கொடுத்திருக்கிறது.

அடுத்த தலைமுறை வந்துவிடும் என்று தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. எக்ஸ்பாக்ஸின் அடுத்த கன்சோலுக்காக சிப் கம்பெனியான ஏஎம்டி-யோடு சேர்ந்து வேலை செய்வதாக மைக்ரோசாஃப்ட் 2025 ஜூனில் சொன்னது. சோனியின் கன்சோலை வடிவமைக்கும் மார்க் செர்னியும் சில வருடங்களில் புதியது வரும் என்ற மாதிரி பேசினார். சரி, வரட்டும். 2013-இல் வந்த பிஎஸ்4-க்கு 2025-இல் ஈஏ எஃப்சி 26 வந்தது. இப்போது வாங்கும் கன்சோல் அடுத்தது வந்த மறுநாள் குப்பைக்குப் போகாது.

இனி கன்சோலே தேவையில்லை, கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், நெட் வழியாக ஆடலாம், எல்லாம் கிளவுடில்தான் என்று சொல்வதை நம்பிப் பெட்டியை விற்றுவிடாதீர்கள். கூகுள் 2019-இல் ஸ்டேடியா என்ற கிளவுட் கேம் சேவையைத் தொடங்கி 2023 ஜனவரியில் மூடியது. பட்டனை அழுத்தியது தூரத்து சர்வருக்குப் போய், படம் திரும்பி வர வேண்டும். இடவப்பாதி மழையில் கரண்டும் நெட்டும் மாறி மாறிப் போகிற நம்ம ஊரில் அது இன்னும் சிரமம். மாதச் சந்தாவும் அப்படித்தான். எக்ஸ்பாக்ஸின் சந்தாவான கேம் பாஸ் அல்டிமேட் அமெரிக்காவில் 2025 அக்டோபரில் ஒரே அடியாக 19.99 டாலரில் இருந்து 29.99 ஆனது. ஒரு மாதம் கட்டி, வேண்டியதை ஆடிவிட்டு நிறுத்தலாம். வருடக்கணக்கில் தானாகக் கழியும்படி விடாதீர்கள்.

வாங்கிய பிறகு வருவது நம்ம மாவட்டத்துக்கே உரிய சங்கதி. முட்டம் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்த ஒரு பிஎஸ்5-ஐத் திறந்து பார்த்திருக்கிறேன். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் தூசி பஞ்சு மாதிரி இருக்கும், ஊதினால் பறக்கும். அங்கே அது ஈரச் சாம்பல் மாதிரி ஃபேன் இதழ்களில் அப்பிக் கிடந்தது. எச்டிஎம்ஐ வாயில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக் காற்றின் வேலை. கடலோர வீடு என்றால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் திணிக்காதீர்கள். பிஎஸ்5-இன் மேல்தகட்டைக் கழற்றினால் தூசி சேரவென்றே இரண்டு துளைகள் இருக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை அதில் வாக்குவம் பிடித்தால் போதும். அந்தத் தகட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டாம். சூடாகிறது என்று ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து, லேப்டாப்புக்குச் செய்வது போல அவர்கள் சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றப் போய், போர்டே போனதைப் பார்த்திருக்கிறேன். பிஎஸ்5-இல் பேஸ்ட் கிடையாது, திரவ உலோகம். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு சொட்டு பக்கத்தில் வழிந்தாலும் ஷார்ட்.

ஐப்பசி இடி இன்னொன்று. கன்சோலின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். ரவுட்டர் சுவரில் மாட்டியே இருக்கும். ரவுட்டரில் இருந்து வரும் லேன் வயர் வழியாக மின்னலின் மின்அதிர்ச்சி கன்சோலுக்கு வந்துவிடும். வானம் இருட்டினால் இரண்டையும் பிடுங்குங்கள். முழுதாக அணையாத ரெஸ்ட் மோடில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள், முழுதாக அணையுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. செய்தியில் வரும் ஆன்லைன் ரம்மியும் பிள்ளை கேட்கும் கன்சோலும் ஒன்றல்ல. காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத்தான் 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் தடை செய்தது. கன்சோலில் கவனிக்க வேண்டியது வேறு: உங்கள் கார்டை அதில் சேமித்து வைக்காதீர்கள், குடும்பக் கணக்கில் மாதச் செலவுக்கு வரம்பு போடுங்கள்.

அப்புறம், கேம் ஆடுகிற பிள்ளை கேம் துறையில் வேலைக்குப் போகிறேன் என்றால் உடனே லட்சக்கணக்கில் கட்டி ஒரு கோர்ஸில் சேர்க்காதீர்கள். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கேமிங் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. அடுத்த மாதம் சோனி 900 பேரை. பெரிய ஸ்டூடியோக்களே ஆட்டம் கண்டிருக்கிற நேரம் இது. அதே வருடம் ஒரே ஆள் செய்த பலாட்ரோ என்ற சீட்டுக்கட்டு கேம் உலகம் முழுக்க விற்றது. பிள்ளைக்கு வேண்டியது ஒரு சுமாரான கம்ப்யூட்டரும், கேம் செய்ய உதவும், காசே கேட்காத கோடோ போன்ற ஒரு இன்ஜின் மென்பொருளும், ஆறு மாத அவகாசமும்தான். ஒரு சின்ன கேமை முழுதாக முடித்துக் காட்டட்டும், பிறகு கோர்ஸைப் பற்றிப் பேசலாம். எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் கட்டுமரத்தை அலை தாண்டிக் கடலுக்குள் இறக்குகிற ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறான். அலை மரத்தைத் தூக்குவது மட்டும் சரியாக வரவில்லை. இரண்டு வாரமாக விடியற்காலையில் போனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், மரம் இறங்குகிறதை வீடியோ எடுத்து வந்து, ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.