அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினுக்குக் கூடுதல் வலு: ஹெட்டை அளந்து சீவும் முறை

அம்பாசிடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனம் வடிவமைத்த ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. 1955இல் வெளிவந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே கொள்ளளவுதான். ஆனால் இரட்டை எஸ்யு கார்புரேட்டர், 8.3 அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) முதலியவற்றால் அது பின்னர் 72 குதிரைத்திறன் வரை எட்டியது. அழுத்த விகிதத்தைக் கூட்டும் அந்த வழியே நமக்கும். இன்ஜினை இறக்கி, பிரித்து, கழுவி வைத்திருக்கிறீர்கள் என்று கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் போர், அதாவது சிலிண்டரின் உள்துளை. புது பிஸ்டன்களை வாங்கிப் பட்டறையில் கொடுத்த பிறகே போரிங் செய்யச் சொல்லுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்றபடி போர் செய்வதே முறை. 40 ஓவர்சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு பெரியது) பிஸ்டன் போட்டால் கொள்ளளவு ஏறத்தாழ 1531 சிசி ஆகும். பிஸ்டன்களின் இயக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கில் மூன்று மெயின் பேரிங் மட்டுமே இருப்பதால், கிராங்கையும் ஃப்ளைவீலையும் சேர்த்து பேலன்ஸ் செய்யும் செலவில் சிக்கனம் வேண்டாம்.

அடுத்தது சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட், இங்கேதான் நிதானம் தேவை. வால்வுகளை லேப்பிங் செய்து (சீட்டோடு படியத் தேய்த்து) மாட்டி, ஸ்பார்க் பிளக்கையும் பொருத்திக்கொள்ளுங்கள். ஹெட்டில் குழிந்திருக்கும் எரிப்பு அறையின் விளிம்பில் மெல்லிதாகக் கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை அழுத்துங்கள். துளை இருக்கும் பக்கம் சற்று உயர்ந்திருக்குமாறு ஹெட்டைச் சாய்த்தால் காற்றுக் குமிழி வெளியேறிவிடும். பிறகு அளவு குறித்த கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயை விட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் சிரிஞ்சைவிட பியூரெட்டையே நான் விரும்புகிறேன். அரை சிசி வேறுபாடுகூட அதில் தெளிவாகத் தெரியும்.

அறையின் அளவோடு கேஸ்கட்டின் பருமன், பிஸ்டன் குழிவு, மேல்நிலையில் பிஸ்டனுக்கு மேலே எஞ்சும் இடைவெளி ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். பழைய போரில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சிசி. மொத்த அறை 60 சிசி என்றால் விகிதம் 7.2, அதையே 51 சிசியாகக் குறைத்தால் 8.3. போர் பெரிதானால் கணக்கு மாறும் என்பதால், போரிங் முடியும் வரை ஹெட்டைச் சீவக் கொடுக்காதீர்கள்.

அறையைச் சிறிதாக்க ஹெட்டின் அடிமுகத்தை எவ்வளவு சீவுவது? தகட்டை எடுத்துவிட்டு, ஹெட்டை மட்டப்பலகை வைத்துத் துல்லியமாகச் சமன்செய்து, ஹெட் அறைக்கு வேண்டிய புதிய அளவு மண்ணெண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். எண்ணெயின் மட்டத்திலிருந்து ஹெட்டின் முகம் வரை டெப்த் கேஜ் காட்டும் உயரமே சீவ வேண்டிய அளவு. முதலில் அதில் சற்றுக் குறைவாகச் சீவி, மறுபடி அளந்து பார்ப்பது நல்லது.

ஹெட்டில் கலவையும் புகையும் செல்லும் வழிகளான போர்ட்டுகளைப் பளபளக்கத் தேய்ப்பதில் பெரிய பயனில்லை. வால்வு சீட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள மேடுகளை மழுப்புவதிலேயே உழைப்பைச் செலுத்துங்கள். கார்புரேட்டரில், ஒத்திசையாத இரண்டைவிட பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைப் பொருத்தமாகப் பார்த்துப் போட்ட ஒன்றரை அங்குல எஸ்யு ஒன்றே மேல் என்பது என் கருத்து.

பிற்சேர்க்கை: ஹெட்டைச் சீவிய பிறகு, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரின் கோணம் மாறுவதாக வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ராக்கர் தாங்கிகளுக்கு அடியில் தகுந்த பருமனில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால் சரியாகும். எக்ஸாஸ்ட் டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ளது) அடிக்கடி குறைந்தால், ஈயமில்லாப் பெட்ரோலில் பழைய சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது என்று பொருள். அதற்குக் கடினப்படுத்திய சீட் வளையம் இறக்குவதே தீர்வு, அதையும் ஹெட்டை அளப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.