உப்புக்காற்றும் என் கேமிங் மவுஸும்
பாம்பனில் எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். சன்னலைத் திறந்தால் உப்புக்காற்று மேசைவரை வரும். ஓராண்டிலேயே என் கேமிங் மவுஸ், ஒருமுறை அழுத்தினால் இருமுறை சொடுக்கத் தொடங்கியது. மவுஸை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றியும் பயனில்லை. பிரித்துப் பார்த்தேன்: பொத்தானுக்கு அடியிலுள்ள சுவிட்சின் உலோகத் தகடு கறுத்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்ததில் இரண்டு வாரம் ஓடியது. பிறகு அதே தொல்லை.

அடுத்து ஆப்டிகல் சுவிட்ச் உள்ளதாகத் தேடி வாங்கினேன். அதில் அழுத்தத்தை உணர்வது அகச்சிவப்பு ஒளிக்கற்றை. உலோகத் தொடர்பை நம்பியிராததால் அந்த இரட்டைச் சொடுக்கு மீண்டும் வரவே இல்லை. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் டிபிஐ எண்ணை, அதாவது மவுஸ் அசைவை உணரும் திறனின் அளவை, கண்டு மயங்காதீர்கள். நான் 800-இல்தான் ஆடுகிறேன். உள்ளங்கையில் அடங்குகிறதா என்று பிடித்துப் பாருங்கள், அதுதான் முக்கியம். ஆடி முடித்ததும் மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுகிறேன்.