பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' தொகுப்பைக் கேட்கும் முறை

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, 2001 நவம்பரில் வந்த 'எக்கோஸ்' தொகுப்பைத்தான் நான் கையில் கொடுப்பேன். இரண்டு சிடி, 26 பாட்டு. கூடவே ஒரு நிபந்தனையும் போடுவேன்: வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளில் கேட்கக் கூடாது. முதல் தடவை நான் அப்படித்தான் ஓடவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பாட்டாக வந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

இதில் பாட்டுகள் வருட வரிசையில் இல்லை. ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் கரைகிற மாதிரி ஒலிப் பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி கோத்திருக்கிறார். அதனால் முதல் வேலை, பிளேயரின் செட்டிங்ஸில் பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத 'கேப்லெஸ்' வசதியைப் போடுவது. என் பழைய பிளேயர் பாட்டுக்குப் பாட்டு இரண்டு விநாடி மௌனத்தைச் செருகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இணைப்பும் அறுந்து விழுந்தது. ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு பிளேயரே கலக்கும் 'கிராஸ்ஃபேட்' இருந்தால், அதை அணைத்துவிடுங்கள்.

மொத்தம் இரண்டரை மணி நேரம் ஓடும். ஓர் இரவுக்கு ஒரு சிடி போதும். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது.

சரி, எதைத் தேடிக் கேட்பது? சிட் பாரெட்டை. முதல் பாட்டு 'ஆஸ்ட்ரானமி டாமினே', கடைசிப் பாட்டு 'பைக்'. இரண்டுமே 1967இல் அவர் எழுதிப் பாடியவை. குழுவை ஆரம்பத்தில் முன்னின்று நடத்தியவர் அவர். மனநிலை குலைந்து 1968இல் வெளியேற நேர்ந்தது. மற்றவர்கள் பெரும் புகழ் அடைந்தது அதற்குப் பிறகுதான். தொகுப்போ அவரில் தொடங்கி அவரிலேயே முடிகிறது.

இரண்டாவது சிடியைத் திறப்பது, அவரை நினைத்து எழுதிய 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. 1975 ஜூனில் அபி ரோடு ஸ்டுடியோவில் இந்தப் பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த, உடம்பு பெருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். பாரெட்தான் அது. கூட வாசித்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அந்த நான்கு கிட்டார் சுரங்களைக் கேளுங்கள்.

அப்புறம், அதே சிடியில் ஒன்பதாவது பாட்டு வரும்போது கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுங்கள். 'அர்னால்ட் லேன்', 'விஷ் யூ வேர் ஹியர்', 'ஜக்பேண்ட் ப்ளூஸ்' மூன்றும் அடுத்தடுத்து வரும். முதலாவது, 1967இல் தனிப்பாட்டாக வெளியான குழுவின் முதல் சிங்கிள், பாரெட்டின் பாட்டு. இரண்டாவது, 1975இல் மற்றவர்கள் 'நீ இங்கே இருந்திருக்கக் கூடாதா' என்று ஏங்குவது. மூன்றாவது, 1968 ஆல்பத்தில் வந்த பாரெட்டின் ஒரே பாட்டு. அதில் அவர் எடுத்த எடுப்பிலேயே மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, தான் இங்கே இல்லை என்கிறார். நடுவில் ஒரு பித்தளை வாத்தியக் குழு இரைகிறது. முடிவில் அவர் குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் மிஞ்சுகின்றன. ஏக்கத்துக்கான பதில் ஏழு வருடம் முன்னாலேயே வந்துவிட்டிருக்கிறது. தனித்தனி ஆல்பங்களில் வருடக்கணக்கில் கேட்டும் எனக்கு இது உறைத்ததில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் தொண்டை அடைத்துவிட்டது.

குறையும் உண்டு. 1970இல் வந்த 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. தொகுப்புக்குப் பெயர் தந்த 'எக்கோஸ்' பாட்டிலேயே ஏழு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் இரண்டு சிடியும் முடிந்த மறுநாள், 1971இல் வந்த 'மெடில்' ஆல்பத்தின் (இசைத்தட்டின்) இரண்டாம் பக்கத்தை எடுங்கள். 23 நிமிடத்துக்கு மேல் ஓடும் முழுப் பாட்டு அங்கே இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பியானோவில் ஒற்றைச் சுரத்தைத் தட்டுவார், கிணற்றில் சொட்டு விழுந்த மாதிரி. அடுத்த சொட்டு விழும்வரை மூச்சுவிடத் தோன்றாது.